பேக்கப் போன ஊர்கள்

திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனமொன்றின் சர்வரை, அதாவது அலுவலகக் கணினிகள் அனைத்துக்கும் பொதுவாகக் கோப்புகளை வைத்துக் கொடுக்கும் தலைமைக் கணினியை, கணக்குப் புத்தகத்தின் மின்வடிவம் என்று மட்டுமே கருதும் வழக்கம் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களிடம் உண்டு. உண்மையில் டேலி என்னும் கணக்கு மென்பொருளில் உள்ள கணக்கு அந்தச் சர்வரில் அளவால் மிகச் சிறிய பகுதி. பையர் என்று தொழிலில் சொல்லப்படும் வெளிநாட்டுக் கொள்முதலாளர் அனுப்பும் டெக் பேக் எனப்படும் ஆடை விவரத் தொகுப்பு, ஒவ்வொரு சைஸுக்குமான அளவுப் பட்டியல், துணியை அடுக்கி வெட்டும்போது கையும் கழுத்தும் உடலும் குறைந்த வீணில் அமையும்படி வரைந்த மார்க்கர் கோப்புகள், எம்பிராய்டரி இயந்திரத்துக்கான தையல் கோப்புகள், பிரின்டிங் டிசைன்கள், காஸ்டிங் ஷீட், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் நகல்கள் ஆகியவை சேர்ந்துதான் அதை நிரப்புகின்றன. கணக்கு அழிந்தால் வவுச்சர்களையும் வங்கி அறிக்கைகளையும் வைத்துப் பெரும்பாடு பட்டாவது மறுபடி எழுதிவிடலாம். மார்க்கர் அழிந்துவிட்டால், அதே ஸ்டைலுக்கு ரிப்பீட் ஆர்டர் வரும்போது பேட்டர்ன் மாஸ்டர் முதலிலிருந்து வரைய வேண்டியிருப்பதோடு, முன்பு ஒரு பீஸுக்கு ஆன துணிச் செலவு மீண்டும் அப்படியே அமையும் என்பதற்கும் உறுதியில்லை.

இந்த வேறுபாட்டை உணர்ந்தவர்கள் நிறுவனங்களில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்களும் பேட்டர்ன் மாஸ்டர்களுமே. பேக்கப் எனப்படும் காப்புப்படி எடுக்கும் பொறுப்போ நெடுங்காலம் கணக்குப் பிரிவின் கையில் இருந்தது. அதனால் நாள்தோறும் டேலி மட்டும் பத்திரமாகப் படியெடுக்கப்பட, மற்றவை ஏதோ ஒரு கணினியில் ஏதோ ஒரு பெயரில் கிடந்தன. இந்நினைவுகளை எழுதுபவர் கணினிப் பிரிவைக் கவனித்துவந்த நிறுவனத்திலும் நிலைமை இதுவே. அந்நிறுவனத்துக்குத் திருப்பூரில் அலுவலகமும் கட்டிங் பிரிவும் செக்கிங், அயர்னிங், பேக்கிங் பிரிவுகளும், ஆள் கிடைக்கும் இடம் தேடிப் பல ஏற்றுமதியாளர்கள் சென்ற வழியில் உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தையல் யூனிட்டும் இருந்தன. அண்ணன் தம்பி இருவர் நடத்திய அந்நிறுவனத்தின் உரிமையாளர் குடும்பத்துக்கு அமராவதி நகரில் ஒரு வீடு உண்டு.

அமராவதி நகர் என்பது உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, ஆனைமலை அடிவாரத்தில், அமராவதி அணையை ஒட்டி அமைந்த சிற்றூர். 1962இல் தொடங்கப்பட்ட சைனிக் பள்ளியால் வெளியூர்களில் அறியப்படுவது. 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது உடுமலைப்பேட்டை வட்டத்தோடு கோயம்புத்தூரிலிருந்து இம்மாவட்டத்துக்கு வந்தது. நிறுவனத்தின் முதல் தொலைவிடக் காப்பகம் இங்கேதான் இருந்தது. இரண்டு வெளி வன்தட்டுகள் மாறி மாறிப் பயணம் செய்தன: சனிக்கிழமை மாலை சர்வரிலிருந்து படியெடுத்த வன்தட்டு, சம்பளக் கவர்கள் போகும் பையிலேயே, பல்லடம், குடிமங்கலம் வழியாக உடுமலைப்பேட்டை யூனிட்டுக்குச் சென்று, அங்கிருந்து அமராவதி நகர் வீட்டின் ஸ்டீல் அலமாரிக்குப் போய்ச் சேரும், முந்தைய வாரத்து வன்தட்டு திங்கட்கிழமை திருப்பூர் திரும்பும். இதை ஏளனம் செய்வதற்கில்லை. பெயரளவில் உலகத்தரம் வாய்ந்த பல ஏற்பாடுகளைவிட இது ஒரு வகையில் உயர்ந்தது என்பது பின்னால் தெரியவந்தது.

தொலைவிடக் காப்பு என்பதில் தொலைவு கிலோமீட்டரால் அளக்கப்படுவதல்ல. ஒரே ஆபத்து இரண்டு படிகளையும் சேர்த்துத் தொடாதிருக்கிறதா என்பதே அளவு. 2011 நவம்பர் மழையில் திருப்பூரின் ஜம்மனை ஓடை பெருக்கெடுத்துக் குடியிருப்புகளுக்குள் புகுந்தபோது, தரைத்தளத்தில் சர்வர் வைத்திருந்த நிறுவனங்களும், அதே கட்டடத்தின் பீரோவில் காப்புப்படி வைத்திருந்தவர்களும் ஒரே கவலையில் இருந்தனர். திருப்பூர் நொய்யல் வடிநிலத்தில் இருக்கிறது, அமராவதி நகர் அமராவதி ஆற்றின் தலைப்பில் இருக்கிறது. இரண்டும் கரூர் மாவட்டத்தில் தனித்தனியே காவிரியில் கலப்பவை என்பதால் ஒன்றின் வெள்ளம் மற்றொன்றைத் தொடுவதில்லை. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோ 2005இல் வெளியிட்ட நூலின் வழியே பரவிய 3-2-1 என்னும் விதி, எந்தத் தரவுக்கும் மூன்று படிகள், இரண்டு வேறு வகை ஊடகங்களில், அவற்றில் ஒன்று வேறிடத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அவ்விதியைக் கேள்விப்படாமலேயே அந்நிறுவனம் அதன் மூன்றாம் பகுதியை நிறைவேற்றிக்கொண்டிருந்தது.

குறை வேறிடத்தில் இருந்தது. வாரம் ஒருமுறை மட்டும் படி போனால், வெள்ளிக்கிழமை சர்வர் பழுதாகும்போது ஐந்து நாள் வேலை இல்லாமல் போகும். தொழில்நுட்ப வழக்கில் இதை ஆர்.பி.ஓ. என்பார்கள், எவ்வளவு நேரத்து வேலையை இழக்க ஒரு நிறுவனம் சம்மதிக்கிறது என்பதன் அளவு அது. அதனோடு இணைத்துச் சொல்லப்படும் ஆர்.டி.ஓ. என்பது, இழந்த பின் மீண்டும் இயங்குவதற்கு எவ்வளவு நேரம் பொறுக்க முடியும் என்பதன் அளவு. ஷிப்மென்ட் வாரத்தில் ஒரு நாளும் மற்ற வாரங்களில் மூன்று நாளும் பொறுக்கலாம் என்று உரிமையாளர்கள் சொன்னார்கள். எவ்வளவு இழக்கலாம், எவ்வளவு பொறுக்கலாம் என்னும் இக்கேள்வியைக் காப்புச் சேவை விற்பனையாளர் எவரும் முதலில் கேட்டதில்லை. எல்லோரும் எத்தனை ஜி.பி. என்றே கேட்டார்கள்.

2012ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலம் இதை இன்னும் கூர்மையாக்கியது. சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாதிருந்த அம்மாதங்களில், ஜெனரேட்டருக்கு மாறும் இடைவெளியில் யு.பி.எஸ். பேட்டரி கைவிட்டுவிட, திறந்திருந்த தரவுக் கோப்புகள் சிதைவது வாடிக்கையாயிற்று. சிதைந்த கோப்பு அடுத்த காப்புப்படியிலும் சிதைந்தே ஏறிக்கொள்ளும். நல்ல படியின் மேல் கெட்ட படியை எழுதிவிடும் முறை காப்பாகாது, பழைய பதிப்புகள் பலவற்றை நாள்வாரியாக வைத்திருக்கும் முறையே காப்பாகும் என்பது அப்போதுதான் அலுவலகத்தில் பேச்சானது.

ஆயினும் அமராவதி நகர் அலமாரியை விட்டு வெளியேறச் செய்தது மின்வெட்டன்று, 2017. அவ்வாண்டு மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை, விண்டோஸில் கோப்புப் பகிர்வுக்கான வழியில் இருந்த ஓட்டை வழியே கணினிக்குக் கணினி தானே தாவி, கோப்புகளைப் பூட்டி, திறக்கப் பணம் கேட்டது. ஏறக்குறைய 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தும், பழைய விண்டோஸை ஓட்டிக்கொண்டிருந்த அலுவலகங்களில் அது போடப்படாதிருந்தது. ஜூன் 27 அன்று வந்த நாட்பெட்யா அதைவிடக் கொடியது. பணம் கேட்பதுபோல் காட்டியதேயன்றிக் கோப்புகளை மீட்கும் வழியே அதில் இல்லை. மேர்ஸ்க் கப்பல் நிறுவனக் குழுமத்தைச் சேர்ந்த, மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தின் சரக்குப் பெட்டக முனையம் அதில் முடங்கியபோது, பெட்டகம் கப்பலேறிவிட்டதா என்று கேட்பதற்குக்கூட ஏற்றுமதியாளர்கள் திணறினார்கள். திருப்பூர்ச் சரக்கில் பெரும்பகுதி தூத்துக்குடி வழியே போவது. என்றாலும் மேர்ஸ்க்கின் பெயர் பில் ஆஃப் லேடிங்கில் இருந்தவர்கள் அனைவரும் அவ்வாரம் தொலைபேசியோடு அமர்ந்திருந்தனர்.

மேர்ஸ்க் மீண்ட கதை இத்தொழிலில் உள்ளவர்கள் அறிய வேண்டிய ஒன்று. அந்நிறுவனத்தின் வலைப்பின்னலில் யார் எதைத் திறக்கலாம் என்னும் பட்டியலை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் உலகெங்கும் ஒன்றையொன்று ஒத்திசைந்தபடி இருந்தன. ஒன்று போனால் மற்றொன்று காக்கும் என்பது ஏற்பாடு. ஆனால் எல்லாமே ஒரே இணைப்பில் இருந்ததால் எல்லாமே ஒருசேர அழிந்தன. கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த ஒன்று மட்டும், தாக்குதலின்போது அங்கே மின்சாரம் நின்று போயிருந்ததால், தப்பியது. அதிலிருந்த பல நூறு ஜி.பி. தரவை இங்கிலாந்துக்கு அனுப்ப அங்குள்ள இணைய வேகம் போதாததால், கானா ஊழியர் ஒருவர் நைஜீரியா வரை விமானத்தில் கொண்டுவந்து வன்தட்டை மற்றோர் ஊழியரிடம் கையளிக்க வேண்டியிருந்தது. அதன்பின் 4,000 சர்வர்களும் 45,000 கணினிகளும் பத்து நாட்களில் மறுபடி நிறுவப்பட்டதாக அந்நிறுவனத் தலைவர் 2018 ஜனவரியில் தாவோஸில் கூறினார். கானாவில் மின்வெட்டு செய்த வேலையைத்தான் அமராவதி நகர் அலமாரி வாரந்தோறும் செய்துகொண்டிருந்தது: இணைப்பில்லாத வன்தட்டை எந்த வைரஸும் எட்டுவதில்லை. நாள்தோறும் படி வேண்டும் என்னும் தேவையும், இணைப்பில் இருக்கக் கூடாது என்னும் தேவையும் ஒன்றையொன்று மறுத்தன. அதன்பின் நிறுவனம் இறங்கிய, மேகக் காப்பைத் தேர்ந்தெடுக்கும் வேலை உண்மையில் இந்த முரணைத் தீர்க்கும் வேலையே. விலைப்பட்டியல் ஒப்பீடு அதற்கு அடுத்தபடியானது.

மேகச் சேமிப்பு என்பது பிறர் நடத்தும் தரவு மையத்தில் இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் இடம் என்பதை வாசகர் அறிவர். ஆனால் கடையில் அப்பெயரால் விற்கப்பட்டவை மூன்று வேறு பொருள்கள். முதலாவது, கணினியில் உள்ள ஒரு கோப்புறையை அப்படியே மேலே ஒத்திசைக்கும் சேவை. கீழே அழித்தால் மேலேயும் அழியும் என்பதால், சில நாட்கள் குப்பைக்கூடையில் வைத்திருந்தாலும், அதைக் காப்பென்று சொல்வது பொருந்தாது. இரண்டாவது, சர்வருக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் பெற்று, அதில் தம் மென்பொருளை நிறுவி, மாறிய பகுதிகளை மட்டும் நாள்தோறும் எடுத்துச்செல்லும் முழுமையான காப்புச் சேவை. மூன்றாவது, அமேசான் 2006 மார்ச்சில் எஸ்3 என்னும் பெயரில் தொடங்கிவைத்த வகையைச் சேர்ந்த வெறும் சேமிப்பிடம். அதில் வாடிக்கையாளர் தமக்குப் பிடித்த காப்பு மென்பொருளை இணைத்துக்கொள்ள வேண்டும். முதல் வகை மிக மலிவு, அதனால் திருப்பூரில் மிகப் பரவலாயிற்று. அதன் விளைவை, தரவு பூட்டப்பட்டபோது பூட்டிய கோப்புகளே மேலேயும் ஏறியிருக்கக் கண்ட ஒரு நிறுவனத்தில் நேரில் பார்க்க நேர்ந்தது.

சட்டமும் ஒரு பக்கத்திலிருந்து தேர்வைச் சுருக்கியது. 2014ஆம் ஆண்டின் நிறுவனங்கள் கணக்கு விதிகளில் 3ஆம் விதி, மின்வடிவில் பேணப்படும் கணக்குப் புத்தகங்களின் காப்புப்படி இந்தியாவில் அமைந்த சர்வர்களில் குறித்த கால இடைவெளியில் வைக்கப்பட வேண்டும் என்றது. 2022 ஆகஸ்ட் 5 அன்று வந்த திருத்தம் அந்தக் குறித்த கால இடைவெளியை நாள்தோறும் என்று மாற்றிவிட்டது. மேகச் சேவையில் கணக்கு வைத்தால் அச்சேவையாளரின் பெயர், இணைய முகவரி எண், இடம் ஆகியவற்றை ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கையோடு கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். இவ்விதி கம்பெனிகளுக்கு மட்டுமே. திருப்பூரில் பல கூட்டாண்மை நிறுவனங்களாகவும் தனி உரிமை நிறுவனங்களாகவும் இருப்பதால், இதைக் காட்டி அவர்களைப் பயமுறுத்த விற்பனையாளர்கள் செய்த முயற்சி பலிக்கவில்லை. எல்லோரையும் கட்டுவது வேறொன்று: 2017இல் வந்த சரக்கு மற்றும் சேவை வரியின் 57ஆம் விதி. மின்வடிவப் பதிவேடுகளுக்கு முறையான காப்புப்படி இருக்க வேண்டும், விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ அழிந்தால் நியாயமான காலத்துக்குள் அவற்றை மீட்கும்படி அக்காப்பு அமைந்திருக்க வேண்டும் என்கிறது அது. விதி எழுதியவர்கள் படி வைப்பதோடு நிறுத்தாமல் மீட்பது வரை சொல்லியிருப்பது பாராட்டத்தக்கது. அதைப் படித்த ஆடிட்டர்கள் குறைவு. ஆண்டறிக்கைக்குரிய கெடுநாளிலிருந்து 72 மாதங்கள் வரை வரிப் பதிவேடுகளையும், கம்பெனியாயின் எட்டு நிதியாண்டுகள் வரை கணக்குப் புத்தகங்களையும் வைத்திருக்க வேண்டியிருப்பதால், காப்புச் சேவையோடு செய்யும் உறவு ஓராண்டு உறவாக இருக்க முடியாது என்பதும் தெளிவாயிற்று.

இந்தியாவுக்குள் என்னும் கட்டுப்பாடு ஒரு காலத்தில் பெருந்தடையாக இருந்திருக்கும். 2015இல் மைக்ரோசாஃப்ட் புனே, சென்னை, மும்பை ஆகிய இடங்களிலும், 2016இல் அமேசான் மும்பையிலும், 2017இல் கூகுள் மும்பையிலும் தரவு மையத் தொகுதிகளைத் திறந்துவிட்டதால் தேர்வு நடந்த காலத்தில் அது தடையாக இல்லை. ஆனால் இந்தப் பெருநிறுவனங்களின் இடத்தை வாங்கித் தம் பெயரில் விற்கும் சிறு சேவையாளர்கள் பலர், தரவு எந்த ஊரில் இருக்கிறது என்ற கேள்விக்கு, பாதுகாப்பான இடத்தில் என்று விடையளித்தார்கள். சென்னையில் இருக்கும் மையத்தை ஒருவர் பெருமையாகச் சொன்னபோது, 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைவில் வைத்திருந்த இளைய உரிமையாளர் அதன் இரண்டாம் படி எங்கே என்று கேட்டார். அவர் கேட்டது வீண்போகவில்லை: 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் தீயில் முற்றிலும் அழிந்தபோது, காப்புப்படியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தனர்.

வேகக் கணக்கு தனியே சொல்லத்தக்கது. இதில் ஏமாந்தவர் பலர். இணைய நிறுவனங்கள் வேகத்தை பிட்டில் சொல்கின்றன, கோப்புகளின் அளவு பைட்டில் இருக்கிறது, ஒரு பைட் எட்டு பிட். மேலும் பிராட்பேண்டில் விளம்பரப்படுத்தப்படுவது இறக்கும் வேகம். காப்புக்கு வேண்டியதோ ஏற்றும் வேகம். நொடிக்கு 2 மெகாபிட் ஏற்றும் வேகம் கொண்ட இணைப்பில் 500 ஜி.பி. தரவின் முதல் படியை அனுப்ப, இடையறாது ஓடினாலும், 23 நாட்களாகும். அன்றாடம் மாறுவது 5 ஜி.பி. என்றால் அதற்கு ஐந்தரை மணி நேரம். இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கினால் விடிவதற்குள் முடிந்துவிடும், இடையில் மின்சாரம் போகாதிருந்தால். ஆகவே முதல் படியை வன்தட்டில் பதிந்து மையத்துக்குக் கூரியரில் அனுப்பி, அதன்பின் மாற்றங்களை மட்டும் இணையத்தில் அனுப்பும் வழியை ஏற்கும் சேவையாளர் யார் என்பது தேர்வில் ஒரு பெரிய கேள்வியாயிற்று. ஒளியிழை இணைப்பு வந்து வேகம் 100 மெகாபிட்டான பின் அதே 500 ஜி.பி. பதினொரு மணி நேரத்தில் போனது. கேள்வி தானே மறைந்தது.

விலையில் கண்ணுக்குத் தெரிந்தது சேமிப்பு வாடகை; தெரியாதது திரும்ப எடுக்கும் கட்டணம். தரவை உள்ளே அனுப்புவது பெரும்பாலும் இலவசம், வெளியே எடுப்பதற்கு ஜி.பி.க்கு இவ்வளவு என்று கட்டணம். நீண்டகாலத்துக்கு உறங்கவைக்கும் மலிவு அடுக்குகளில், அமேசானின் கிளேசியர் போன்றவற்றில், குறைந்தது 90 நாளோ 180 நாளோ வைத்ததாகக் கணக்கிட்டே கட்டணம் எடுக்கிறார்கள். அடுக்கைப் பொறுத்துத் திரும்பப் பெற அரை நாளோ அதற்கு மேலோகூடக் காத்திருக்க வேண்டியிருக்கும். ஐந்தாண்டுக்கு முந்தைய, டிராபேக் எனப்படும் ஏற்றுமதி வரித் திருப்பளிப்புக் கோப்புகளுக்கு அது பொருந்தும், நடப்பு சீசன் மார்க்கர்களுக்குப் பொருந்தாது. 99.999999999 சதவீதம் தரவு அழியாது என்று சேவையாளர்கள் காட்டும் எண்ணைப் பார்த்து மூத்த உரிமையாளர் சிரித்தார். அந்த எண் வன்தட்டுகள் பழுதாவதைப் பற்றியது. பணம் கட்டத் தவறினால் கணக்கு முடக்கப்படுவது அதில் அடங்காது. 2021 அக்டோபர் 1 முதல் கார்டிலிருந்து மாதந்தோறும் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி புதிய விதிகளைக் கொண்டுவந்தபோது, வெளிநாட்டுச் சேவைகளுக்கான தானியங்கிக் கட்டணங்கள் ஊரெங்கும் நின்றுபோயின. ரூபாயில், ஜி.எஸ்.டி. எண்ணோடு இன்வாய்ஸ் தந்து, வங்கி வழியே பணம் பெறும் சேவையாளரை முன்பே வலியுறுத்தியிருந்த கணக்குப் பிரிவுத் தலைவரின் பிடிவாதம், தொழில்நுட்பக் காரணம் எதுவும் அறியாத பிடிவாதமானாலும், அன்று பயன்பட்டது.

இத்தனை ஒப்பீடுகளையும் தாளில் கண்ட மூத்தவர் சொன்னது ஒன்றே: “கொடுத்ததத் திருப்பி வாங்கிக் காட்டுங்க தம்பி, அப்புறம் வெலையப் பேசலாம்.” டையிங்குக்கும் காம்பாக்டிங்குக்கும் துணியை வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்துக் காலமெல்லாம் தொழில் செய்தவர் அவர், போகும்போது சலானில் எடை எழுதி, வரும்போது தராசில் ஏற்றி, ஷேடு கார்டோடு ஒட்டிப் பார்த்தே வாங்கும் பழக்கத்தைத் தரவுக்கும் பொருத்தினார். எழுத்துமூலமான தேர்வு விதியாக அதை மாற்றுவது எளிதாயிருந்தது: கேட்ட ஸ்டைலின் முழுக் கோப்புகளையும் சேவையாளர் வேறொரு வெற்றுக் கணினியில் மீட்டுத் தர வேண்டும், எந்த ஸ்டைல் என்பதை மெர்ச்சண்டைசர் அன்று காலையில் சொல்வார்.

முதல் சோதனை பல செய்திகளை வெளிக்கொணர்ந்தது. கோப்புகள் வந்தன, மார்க்கர் திறக்கவில்லை; அதைத் திறக்கும் மென்பொருளின் உரிமம் பழைய கணினியில் செருகியிருந்த டாங்கிளில் இருந்தது, மென்பொருளின் நிறுவல் தட்டோ யாரிடமும் இல்லை. ஆர்டர் நிலவரம் பதியும் தரவுத்தளம் இயங்கிக்கொண்டிருக்கையிலேயே வெறும் கோப்பாகப் படியெடுக்கப்பட்டதால் பாதியில் அறுந்த நிலையில் வந்தது. தரவுத்தளத்தை நிறுத்தாமலே ஒரு கணத்தின் நிலையை உறையவைத்துப் படியெடுக்கும் வசதி வேண்டும் என்பது அதன்பின் நிபந்தனைப் பட்டியலில் ஏறியது. தமிழில் பெயரிட்ட சில கோப்புறைகள் கேள்விக்குறிகளாக வந்தன. போட்டியிட்ட சேவையாளர்களில் ஒருவர், சோதனைக்குக் கட்டணம் என்றார். அவரோடு பேச்சு அங்கேயே முடிந்தது. இறுதியில் நின்றவர் விலையில் மலிவானவர் அல்லர், சோதனையின்போது தொலைபேசியை எடுத்தவர்.

இணைப்பில் இருந்தும் இல்லாததுபோல் இருக்க வேண்டும் என்ற முரணைத் தீர்த்தது வேறொரு வசதி. ஒருமுறை எழுதிய படியைக் குறித்த நாட்கள் கழியும்வரை, கணக்கின் உச்ச அதிகாரம் கொண்டவராலும் அழிக்க முடியாதபடி பூட்டும் முறையை அமேசான் 2018 நவம்பரில் தன் சேமிப்பில் சேர்த்தது, பிறரும் சேர்த்தனர். இதன் அருமையை உணர 2014 ஜூனில் மூடப்பட்ட கோட் ஸ்பேசஸ் என்னும் நிறுவனத்தை நினைத்தால் போதும்: அதன் மேகக் கணக்கின் நிர்வாகப் பகுதிக்குள் புகுந்த ஒருவர், தரவையும் காப்புப்படியையும் ஒரே இடத்திலிருந்து அழித்துவிட, சில மணி நேரத்தில் தொழிலே முடிந்தது. படி எத்தனை ஊரில் இருந்தாலும் அவை அனைத்தையும் அழிக்கும் சாவி ஒரே கையில் இருந்தால் அது ஒரே படிதான். நிறுவனத்தில் முப்பது நாள் பூட்டு வைக்கப்பட்டது. சர்வரின் நிர்வாகக் கடவுச்சொல்லும் காப்புக் கணக்கின் கடவுச்சொல்லும் இருவேறு நபர்களிடம் பிரிக்கப்பட்டன. தரவை அனுப்பும் முன்பே மறையாக்கம் செய்யும், அதாவது சாவி இல்லாதவர்க்குப் புரியாத வடிவுக்கு மாற்றும் முறை தெரிவுசெய்யப்பட்டதால், அந்தச் சாவி தொலைந்தால் சேவையாளராலும் திறக்க இயலாது. அது தாளில் அச்சிடப்பட்டு, இரண்டு உறைகளில் இடப்பட்டு, ஒன்று ஆடிட்டரிடமும் மற்றொன்று அமராவதி நகர் வீட்டிலும் வைக்கப்பட்டன. வன்தட்டுப் பயணம் மாதம் ஒருமுறையாகக் குறைந்தாலும் நிற்கவில்லை.

ஆயினும் தொழில்நுட்பத்தில் சேராத ஒரு கேள்வியே கடைசிவரை இழுத்தது: மேகக் கணக்கு யார் பெயரில் இருப்பது? திருப்பூரில் பல நிறுவனங்களில் அது, தொடக்கத்தில் வேலைக்கு வந்து பின்பு விலகிப் போய்விட்ட கணினி ஊழியரின் சொந்த மின்னஞ்சலில் இருந்தது. அவரைத் தேடிப் பிடித்துக் கெஞ்சிக் கடவுச்சொல் வாங்கிய கதைகள் டீக்கடைகளில் கிடைக்கும். இங்கே அண்ணனா தம்பியா என்பது கேள்வி. இருவர் மின்னஞ்சலிலும் இல்லாமல் நிறுவனத்தின் பெயரிலான முகவரியில் கணக்கைத் திறந்து, மீட்புத் தொலைபேசி எண்கள் இரண்டாக இருவருடையதையும் தருவதென்றும், கணக்கை மூட இருவர் கையெழுத்தும் வேண்டும் என்றும் சேவையாளரோடு செய்த ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. சேவையாளர் இப்படியொரு பிரிவை முன்பு கண்டதில்லை என்றார். கொங்கு நாட்டில் தொழில் செய்பவர் அதைக் கண்டிராதது வியப்பே.

சில ஆண்டுகளில் சகோதரர்கள் சுமுகமாகவே பாகம் பிரித்துக்கொண்டார்கள். திருப்பூர் யூனிட் அண்ணனுக்கும் உடுமலைப்பேட்டை யூனிட் தம்பிக்கும் என்று ஆயிற்று. இயந்திரங்களும் கட்டடங்களும் ஒரு பகலில் பிரிந்தன. பழைய கணக்குகளின் படி சட்டப்படி இருவருக்கும் தேவை என்பதால் முழுக் காப்பும் இரண்டு கணக்குகளாகப் படியெடுக்கப்பட்டு, சாவிகள் மாற்றப்பட்டு, இரண்டு இடத்திலும் மீட்டுப் பார்த்த பின்பே பழைய கணக்கு இருவர் கையெழுத்தோடு மூடப்பட்டது. மார்க்கர்களைப் பையர்வாரியாகப் பிரித்தார்கள். இருவருக்கும் ஆர்டர் தரத் தொடங்கியிருந்த ஒரே ஒரு ஐரோப்பிய பையரின் எம்பிராய்டரிக் கோப்புகள் மட்டும் எவருக்கும் தனியே ஒதுக்கப்படாமல் இரண்டு படியிலும் இருக்கின்றன. அவற்றின் உரிமை யாருக்கு என்று ஆடிட்டரிடம் கேட்டதற்கு, டிசைன் கொடுத்த பையருக்குத்தான் என்றார்.